சிறிய ஓவல் ஃபிரேமில் புரோகிரசிவ் லென்ஸ்: படிக்கும் பகுதியே கிடைக்கவில்லை, உதவி தேவை

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். எனக்கு வயது 47. திருச்சியில் கணக்கு ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வலது கண்ணில் மைனஸ் 5.50, இடது கண்ணில் மைனஸ் 4.75, இரண்டிலும் சிறிதளவு சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான பவர்), வெள்ளெழுத்துக்காக 1.75 அடிஷன் (படிப்பதற்காகக் கூட்டும் பவர்). சென்ற ஆண்டு வரை அகலமான செவ்வக ஃபிரேமில், தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸில் பவர் தரும் புரோகிரசிவ் லென்ஸ் அணிந்து வந்தேன். பார்வையில் குறை இல்லை, ஆனால் லென்ஸின் ஓரம் தடித்து ஃபிரேமுக்கு வெளியே தெரிந்தது. இப்போது மெல்லிய உலோகத்தில் வரும் சிறிய ஓவல் ஃபிரேம்கள் மீண்டும் வழக்கத்துக்கு வந்திருப்பதாலும், சிறிய ஃபிரேமில் ஓரம் மெலியும் என்று கேள்விப்பட்டதாலும், இணையக் கடை ஒன்றில் அத்தகைய ஃபிரேமை வாங்கினேன். 1.74 இண்டெக்ஸ் (ஒளியை வளைக்கும் திறனின் எண்) லென்ஸ், வெயிலில் கறுக்கும் வசதி, நீல ஒளித் தடுப்பு எல்லாம் சேர்த்து நல்ல விலை கொடுத்தேன்.

ஓரம் மெலிந்தது உண்மைதான். ஆனால் விடைத்தாள் திருத்தும்போது முகவாயை நன்றாக உயர்த்தினால்தான் எழுத்து தெளிகிறது. தெளிவதும் லென்ஸின் அடியில் ஒரு மெல்லிய கீற்றில் மட்டுமே. கணினித் திரையைப் பார்க்கத் தலையைச் சற்று வலப்பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. படியிறங்கும்போது தரை அலைகிறது. கரும்பலகையில் உள்ள வெள்ளை எழுத்தைக் கடைக்கண்ணால் பார்த்தால் ஓரங்களில் நீலமும் மஞ்சளும் தெரிகின்றன. காரில் செல்லும்போது லென்ஸ் கறுப்பதே இல்லை. கடையில் கேட்டால் "பழகிவிடும், இரண்டு வாரம் பொறுங்கள்" என்கிறார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டேன். இது பழக்கத்தால் சரியாகக்கூடியதா, லென்ஸ் செய்ததில் குறையா என்பதை எப்படி அறிவது?

வழிப்போக்கன்

வணக்கம் அம்மா. விடை சொல்லும் முன் சில விவரங்கள் வேண்டும். காதுக் கம்பியின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்கள் என்ன? லென்ஸின் உயரம் எத்தனை மில்லிமீட்டர்? கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை யார், எப்படி அளந்தார்கள்? பழைய கண்ணாடியை இப்போது போட்டால் விடைத்தாள் தெளிவாகத் தெரிகிறதா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்பது பதிலானால், பவரைச் சந்தேகிப்பதற்கு முன் ஃபிரேமையும் அளவுகளையும் சந்தேகிக்க வேண்டும்.

கரும்பலகை

நன்றி ஐயா. எண்கள் 44 (லென்ஸின் அகலம்), 21 (மூக்குப் பாலம்), 145 (காதுக் கம்பியின் நீளம்). லென்ஸின் உயரம் 27 மி.மீ. கண்மணி இடைத்தூரத்தை, நெற்றியில் ஓர் அட்டையை வைத்துக் கைப்பேசியில் எடுத்த படத்திலிருந்து கடை கணக்கிட்டது. மொத்தம் 61 மி.மீ. என்று மட்டுமே பதிந்திருக்கிறது. உயரத்துக்காக எந்த அளவும் எடுக்கவில்லை. பழைய கண்ணாடியில் இன்றும் விடைத்தாளைத் தலை அசைக்காமல் படிக்க முடிகிறது. அடிஷனில் 0.25 கூடியதைத் தவிரப் பவரில் மாற்றம் இல்லை.

லென்சோமீட்டர்

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வைப் பரிசோதகர். நீங்கள் தந்த விவரங்களே பெரும்பகுதி விடையைச் சொல்லிவிடுகின்றன. ஆனாலும் காரணத்தை விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் இதே குறையோடு பலர் "எனக்குப் புரோகிரசிவ் ஒத்துவராது" என்று முடிவுகட்டி ஒதுங்கிவிடுகிறார்கள்.

புரோகிரசிவ் லென்ஸில் தூரப் பார்வைக்கான பவர் மேலேயும் படிப்பதற்கான பவர் கீழேயும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பவர் படிப்படியாக மாறும் ஒடுங்கிய பகுதியைக் காரிடார் என்கிறோம். நேராகப் பார்க்கும்போது கண்மணிக்கு எதிரே வரவேண்டிய புள்ளி ஃபிட்டிங் கிராஸ். உங்கள் லென்ஸ் 27 மி.மீ. உயரம்தான். உயரம் அளக்காத கடைகள் பொதுவாக ஃபிரேமின் நடுக்கோட்டுக்குச் சற்று மேலே கிராஸை வைப்பார்கள். உங்களுடையது அடிவிளிம்பிலிருந்து ஏறத்தாழ 16 மி.மீ. உயரத்தில் இருக்கலாம். சாதாரணக் காரிடாரின் நீளம் 14 மி.மீ. என்று கொண்டால், முழுப் படிக்கும் பவர் வந்த பிறகு எஞ்சுவது 2 மி.மீ. மட்டுமே. ஓவல் வடிவம் அடியில் குறுகுவதால் அந்த 2 மி.மீ. பகுதியும் அகலமற்றது. நீங்கள் கண்ட கீற்று அதுதான். படிக்கும் பகுதியை லென்ஸ் தயாரிப்புக் கூடத்தில் செய்து, ஃபிரேமுக்காக வெட்டும்போது குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று கொள்ளலாம். எத்தனை வாரம் பழகினாலும், வெட்டி எறிந்த பகுதி திரும்ப வராது.

இரண்டாவது, 61 என்ற மொத்த அளவு. ஒரே பவருள்ள சாதாரண லென்ஸில் மொத்தம் சரியாக இருந்தால் பெரும்பாலும் போதும். இரு கண்களிலும் பிழை ஒரே திசையில் விழுவதால், உண்டாகும் பிரிசம் விளைவு (லென்ஸின் மையம் விலகுவதால் காட்சி இடம் நகர்வது) ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். புரோகிரசிவில் அந்தச் சலுகை இல்லை. மூக்கின் நடுவிலிருந்து வலது கண்மணிக்கு 31.5, இடது கண்மணிக்கு 29.5 என்று இருக்கும் முகங்கள் மிகச் சாதாரணம். இரண்டையும் 30.5 என்று பாதியாகப் பிரித்துச் செய்தால், இரு கண்களும் காரிடாரிலிருந்து 1 மி.மீ. விலகிப் பார்க்கும். அது பெரிய விலகல்தான். 1963இல் மிங்க்விட்ஸ் நிறுவிய விதிப்படி, காரிடாரில் பவர் கூடும் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் தேவையற்ற சிலிண்டர், அதாவது மங்கல், கூடும். 1.75 அடிஷன் 14 மி.மீ. நீளத்தில் ஏறினால் மில்லிமீட்டருக்கு 0.125 டயாப்டர் (பவரின் அலகு), பக்கவாட்டில் 0.25. அரை டயாப்டர் மங்கலைத் தாங்கலாம் என்று வைத்தால், தெளிவான பாதையின் அகலம் நடுவிலிருந்து இருபுறமும் 2 மி.மீ. வீதம் 4 மி.மீ. அதில் 1 மி.மீ. விலகினால் ஒரு பக்கம் பாதி போய்விடும். திரையைப் பார்க்கத் தலையைத் திருப்புகிறீர்கள் என்றால், இதையே முதலில் சோதிக்க வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். லென்ஸின் மேல் மெல்ல மூச்சை ஊதி, கறுப்புப் பின்னணியில் குழல் விளக்கின் ஒளி சாய்வாக விழும்படி பிடித்தால், 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு நுண்ணிய பொறிப்புகள் தெரியும். காதுப் பக்கப் பொறிப்பின் கீழே அடிஷன் எண் இருக்கும். இரண்டையும் மார்க்கர் பேனாவால் குறித்து, நடுப்புள்ளியைக் கண்டு, அதற்கு நேர் மேலே கிராஸைக் குறியுங்கள். பல வடிவங்களில் அது 4 மி.மீ. மேலே இருக்கும், துல்லியமான அளவைக் கடையே தரவேண்டும். பிறகு கண்ணாடியை அணிந்து, உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே ஒரே மட்டத்தில் அமர்ந்த ஒருவரைக் கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள்.

பழைய பட்டறை

லென்ஸ் தயாரிப்புக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஓரத் தடிமனையும் நிறம் பிரிவதையும் பற்றிச் சொல்கிறேன்.

சிறிய ஃபிரேம் ஓரத்தை மெலிக்கும் என்று நீங்கள் கேட்டது சரியே. மைனஸ் லென்ஸில் தடிமன், மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கணக்கு ஆசிரியைக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மைனஸ் 5.50 பவரை 1.67 இண்டெக்ஸில் செய்து 54 மி.மீ. அகல ஃபிரேமில் வைத்தால் வெளி ஓரம் சுமார் 5.4 மி.மீ. வரும், 44 மி.மீ. ஃபிரேமில் சுமார் 3.6 மி.மீ. ஆனால் இந்த லாபம் அகலம் குறைவதால் கிடைக்கிறது. உயரம் குறைவதால் அல்ல. கடைகளில் இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். அகலம் 47, மூக்குப் பாலம் 20, உயரம் 40 என்ற அளவில் பாண்டோ வடிவம், அதாவது மேலே சற்றுத் தட்டையாகவும் அடியில் வட்டமாகவும் இருக்கும் ஃபிரேம், உங்களுக்குச் சுமார் 4 மி.மீ. ஓரமே தரும். அதில் கிராஸை 22 மி.மீ. உயரத்தில் வைக்கலாம், 14 மி.மீ. காரிடார் போக 8 மி.மீ. படிப்பதற்குக் கிடைக்கும். அதுவும் இன்று விரும்பி அணியப்படும் வடிவமே.

நிறம் பிரிவதற்குக் காரணம், நீங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய 1.74 பொருள். ஒளியை அதிகம் வளைக்கும் பொருள்கள் நிறங்களையும் அதிகம் பிரிக்கும். அதைக் குறிக்கும் அபே எண் சாதாரண சி.ஆர்.39 பிளாஸ்டிக்குக்கு 58, 1.74க்கு சுமார் 33. எண் குறையக் குறைய ஓரத்தில் நிறம் பிரியும். 1.60 இண்டெக்ஸில் 40க்கு மேல் அபே எண் உள்ள லென்ஸ்கள் கிடைக்கின்றன. ஃபிரேமை அளவாகத் தேர்ந்துகொண்டால் உங்கள் பவருக்கு 1.60 போதும்; ஓரம் அரை மில்லிமீட்டருக்குள்தான் கூடும்.

கோயில்நகரம்

நான் 28 வயதுக் கணினிப் பணியாளன். இவ்வளவு சிரமம் எதற்கு? கேமராவும் ஒலிபெருக்கியும் உள்ள ஸ்மார்ட் கண்ணாடிகள் வந்துவிட்ட காலத்தில், தானாகவே பவரை மாற்றிக்கொள்ளும் கண்ணாடி வரவில்லையா? என் அம்மாவுக்கு அதையே வாங்கித் தர எண்ணியிருந்தேன்.

லென்சோமீட்டர்

முயற்சிகள் புதியவை அல்ல. 2011இல் அமெரிக்காவில் பிக்சல் ஆப்டிக்ஸ் நிறுவனம், திரவப் படிகத்தால் படிக்கும் பவரை மின்சாரம் கொண்டு இயக்கும் எம்பவர் என்ற கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013இல் நிறுவனம் திவாலானது. ஆய்வுகள் தொடர்கின்றன. ஆனால் உங்கள் அம்மா நாளை காலை அணிவதற்கு நான் அதைப் பரிந்துரைக்க முடியாது.

ரே-பான் மெட்டா போன்ற ஸ்மார்ட் கண்ணாடிகள் செய்யும் வேலை வேறு. பவரைப் பொறுத்தவரை அவையும் சாதாரண லென்ஸையே நம்புகின்றன. எடையும் 50 கிராமை ஒட்டியிருக்கிறது. காதுக் கம்பிக்குள் மின்னணுப் பாகங்கள் இருப்பதால், சூடேற்றி முகத்துக்கு ஏற்ப வளைப்பதற்கு இடமில்லை. புரோகிரசிவ் அணிபவருக்கு ஃபிரேம் ஒரு மில்லிமீட்டர் சறுக்கினாலும் பார்வை மாறும் என்பதால், வளைத்துப் பொருத்த முடியாத ஃபிரேமை வெள்ளெழுத்து உள்ளவருக்கு வாங்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை அணிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கரும்பலகை

சொன்னபடியே பொறிப்புகளைக் குறித்துப் படமெடுத்துப் பார்த்தேன். வலது லென்ஸின் கிராஸ் கண்மணியிலிருந்து மூக்குப் பக்கமாகவும், இடது லென்ஸின் கிராஸ் காதுப் பக்கமாகவும் ஏறக்குறைய 1 மி.மீ. விலகி நிற்கின்றன. இரண்டும் கண்மணிக்கு 2 மி.மீ. கீழேயும் இருக்கின்றன. ஃபிரேம் மூக்கில் இறங்குவதையும் படத்தில் பார்க்க முடிகிறது. இதே ஃபிரேமில் குட்டைக் காரிடார் லென்ஸ் போட்டால் போதுமா? ஃபிரேமை விட மனம் வரவில்லை. என் முகத்துக்கு இவ்வளவு பொருந்திய ஒன்று இதற்கு முன் கிடைத்ததில்லை.

லென்சோமீட்டர்

ஃபிரேமின் மேல் உள்ள விருப்பத்தைச் சிறிதாக எண்ண வேண்டாம். நாள் முழுவதும் முகத்தில் இருக்கும் பொருள் பிடித்திருக்க வேண்டும். 1959இல் பிரான்சில் பெர்னார்ட் மெத்தெனாஸ் உருவாக்கிய வேரிலக்ஸ் என்ற புரோகிரசிவ் லென்ஸ் விற்பனைக்கு வந்ததிலிருந்து, லென்ஸ் தொழில்நுட்பம் ஃபேஷனைத் தொடர்ந்து பின்பற்றியே வந்திருக்கிறது. 1990களின் இறுதியில் குறுகிய ஃபிரேம்கள் பரவியதால்தான் குட்டைக் காரிடார் வடிவங்களே தோன்றின.

முதலில் செலவில்லாத வேலை: அருகில் உள்ள நல்ல கண்ணாடிக் கடையில் மூக்குத் தாங்கிகளைச் சற்று நெருக்கி ஃபிரேமை 2 மி.மீ. உயர்த்தச் சொல்லுங்கள். அடிப்பகுதி கன்னத்தை நோக்கி 8 முதல் 12 டிகிரி வரை சாயட்டும்; கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையிலான தூரமும் குறையட்டும். முகவாயை உயர்த்தும் சிரமம் பாதியாவது குறையும். இழந்த படிக்கும் பகுதி இதனால் திரும்பாது.

குட்டைக் காரிடார் தீர்வாகும், ஆனால் இலவசமாக அல்ல. 11 மி.மீ. காரிடார் போட்டால் படிப்பதற்கு 2க்குப் பதிலாக 5 மி.மீ. கிடைக்கும். பவர் வேகமாக ஏறுவதால், மேலே சொன்ன 4 மி.மீ. தெளிவான பாதை சுமார் 3 மி.மீ. ஆகச் சுருங்கும். கணினி முன் அதிக நேரம் அமர்பவருக்கு அது பெரிய இழப்பு. உங்கள் வேலை பெரும்பாலும் தூரத்துக் கரும்பலகையும் கையில் உள்ள தாளும் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். திரையே முதன்மை என்றால் பழைய பட்டறை ஐயா சொன்ன பாண்டோ ஃபிரேமுக்கு மாறுவதே நல்லது.

எதைத் தேர்ந்தாலும், ஃபிரேமை முகத்தில் பொருத்திய பிறகு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் கண்மணித் தூரத்தையும் உயரத்தையும் அளந்து எழுதி வாங்குங்கள். எடுத்த படத்தைக் கடைக்கு அனுப்பி, அளவுப் பிழை காரணமாக லென்ஸை மாற்றித் தரக் கேளுங்கள். புரோகிரசிவ் லென்ஸ்களுக்குப் பல தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் மாற்றித் தரும் உறுதி அளிக்கிறார்கள், அந்தக் காலம் முடிவதற்குள் எழுத்தில் கேட்பது முக்கியம்.

கார் விஷயம்: கறுக்கும் லென்ஸ்கள் புற ஊதாக் கதிரால் தூண்டப்படுகின்றன, முன்கண்ணாடி அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெப்பம் கூடினால் கறுக்கும் அளவும் குறையும் என்பதால் சித்திரை வெயிலில் முழுக் கறுப்பையும் எதிர்பார்க்க வேண்டாம். நீல ஒளித் தடுப்புக்கு அடுத்த முறை பணம் கொடுக்காதீர்கள். 17 ஆய்வுகளைத் தொகுத்த 2023ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வு, திரை பார்ப்பதால் வரும் கண் அயர்ச்சியைக் குறுகிய காலத்தில் அது குறைப்பதாகக் காணவில்லை.

கரும்பலகை

மூக்குத் தாங்கிகளைச் சரிசெய்ததில் படியிறங்குவது எளிதாகிவிட்டது; திரைக்கான சிரமம் அப்படியே இருக்கிறது. படத்தைப் பார்த்த கடை, லென்ஸை மாற்றித் தர ஒப்புக்கொண்டது. உயரம் 40 உள்ள பாண்டோ ஃபிரேமையும் 1.60 லென்ஸையும் கேட்டிருக்கிறேன். தனித்தனி அளவுகளை இங்கே ஒரு கடையில் நேரில் எடுத்து அனுப்பிவிட்டேன். வலது 31.5, இடது 29.5. ஓவல் ஃபிரேம் என்னிடமே இருக்கிறது. அதில் தூரப் பார்வைக்கான லென்ஸ் மட்டும் போட்டு, வெளியே செல்லும்போது அணியலாமா?

லென்சோமீட்டர்

தாராளமாக. அதில் உயரம் தடையாகாது. வண்டி ஓட்டுவதாக இருந்தால் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலையோ கைப்பேசியையோ படிக்கும்போது மட்டும் கழற்ற வேண்டியிருக்கும்.