புதுப்பிப்பு: கீழக்கரை வீட்டுச் சாமான் அறையில் ஈரமும் பூஞ்சை வாடையும்

தெருவைவிடத் தாழ்ந்துபோன எங்கள் சாமான் அறையில் சுவர் உப்புப் பூத்து, பாயும் சாக்கும் பூஞ்சை வாடை அடிக்கிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி. வாடை போய்விட்டது.

பலன் கொடுத்தது, சிமென்ட் பூச்சைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பு பூசச் சொன்ன யோசனை. ஈரக்கறைக்கு மேலேயும் ஒரு முழம் கொத்தினோம். சிமென்ட் ஈரத்தைச் சுவருக்குள் அடைத்து வைத்திருந்தது. சுண்ணாம்பு வெளியே விடுகிறது. கடல் மணல் மட்டும் கலக்க விடாதீர்கள், அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும்.

எதிர்பாராதது: புதுப் பூச்சிலும் உப்புப் பூத்தது. பயந்துவிட்டேன். உள்ளே தேங்கிய உப்பு வெளியேறுவதுதான் அது. காய்ந்த துடைப்பத்தால் தட்டி அள்ளிவிடுங்கள்; கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும்.

அப்புறம், ஐப்பசி மழையில் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வருகிறது. வெயிலடிக்கும் பகலில் மட்டும் திறக்கிறோம்.