பதின்வயதுப் பிள்ளைகளின் கவிதைக்கு மார்க் போடலாமா? ஸ்லாம் மேடை பற்றி ஒரு கேள்வி

ஃப்ரீமாண்ட் அப்பா

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். மகளுக்கு 16 வயது. போன வருடம் பள்ளித் தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்று ஒரு கவிதைப் பயிலரங்குக்குப் போனாள். இப்போது ஸ்லாம் போட்டி வரைக்கும் வந்துவிட்டாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சொந்தக் கவிதையை மேடையில் நின்று நிகழ்த்த வேண்டும். 3 நிமிடம், அதற்குமேல் 10 விநாடி சலுகை. அதையும் தாண்டினால் ஒவ்வொரு 10 விநாடிக்கும் அரை மார்க் போய்விடும். பாட்டு, வாத்தியம், வேஷம், கையில் பொருள் எதுவும் கூடாது. பார்க்க வந்தவர்களில் 5 பேரை நடுவர்களாக உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவரும் பத்துக்கு இத்தனை என்று அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். அதிகமான ஒன்றையும் குறைவான ஒன்றையும் தள்ளிவிட்டு மற்ற மூன்றைக் கூட்டினால் முப்பதுக்கு மார்க்.

மகள் கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். அம்மாவுக்கு போனில் பேசி முடித்ததும் கட் பண்ணத் தெரியாது, அப்படியே மேசைமேல் வைத்துவிடுவார். அதற்கப்புறம் அந்த வீடு இங்கே கேட்டுக்கொண்டே இருக்கும். குக்கர் விசில், தெருவில் கீரை விற்கிற குரல், அம்மா தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பது. மகள் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பாள். கவிதை அவ்வளவுதான். 7.4, 8.1, 7.9, 8.3, 6.8 என்று அட்டைகள் எழுந்தன. கூட்டினால் 23.4. சலுகைக்கும் மேல் 4 விநாடி கூடிப்போனதால் 22.9.

அடுத்து வந்த பையன் சிறையில் இருக்கிற அப்பாவைப் பற்றிச் சொன்னான். 28.9. நன்றாகவே சொன்னான், எனக்கே தொண்டை அடைத்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துச் சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அப்பா, நம்ம குடும்பத்துல யாருக்காவது பெருசா ஏதாவது கெட்டது நடந்திருக்கா?" எதுக்கும்மா என்றேன். "அடுத்த கவிதைக்கு" என்றாள்.

அன்றிலிருந்து மனது சரியில்லை. அவளை நிறுத்தப் போவதில்லை. வீட்டில் அதிகம் பேசாத பெண், அங்கே போன பிறகுதான் வாய்விட்டுப் பேசுகிறாள். ஆனால் இந்த மார்க் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

யாப்பு நேசன்

நண்பரே, உங்கள் கவலை நியாயமானது. நான் நியூ ஜெர்சியில் வாரக் கடைசியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். ஒரு தடவை இப்படி ஒரு போட்டியைப் பார்த்திருக்கிறேன். யார் சத்தமாகச் சொன்னார்கள், யார் அழவைத்தார்கள் என்பதுதான் அங்கே எடை. அமெரிக்க விமர்சகர் ஹெரால்டு ப்ளூம் 2000ல் ஸ்லாமைக் கலையின் மரணம் என்றே சொன்னார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். சபையில் கவிதை சொல்வது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னால் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. அங்கே கேட்டவர் கற்றவர். இங்கே அட்டை தூக்குகிறவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கவிதை கேட்க வந்திருக்கலாம். அவர் போடும் 6.8ஐ 16 வயதுப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமா?

மைக் முன்னால்

ஐயா, அந்த நடுவர் தெரியாதவராக இருப்பதுதான் ஸ்லாமின் உயிர்.

நான் சிகாகோவில் வளர்ந்தவள். இதை ஆரம்பித்த மார்க் ஸ்மித் ஒரு கட்டடத் தொழிலாளி. 1984ல் ஒரு சின்ன பாரில் தொடங்கி, 1986ல் கிரீன் மில் கிளப்புக்குக் கொண்டுபோனார். கவிதை வாசிப்பு என்றால் படித்த நாலு பேர் ஒருவரையொருவர் தலையாட்டிப் பாராட்டிக்கொள்வது என்று இருந்த இடத்தில், பீர் குடிக்க வந்தவனைப் பார்த்து "நீ சொல், பிடித்ததா?" என்று கேட்டார். கற்றவர் மட்டும்தான் தீர்ப்புச் சொல்லலாம் என்ற கதவைத்தான் அவர் உடைத்தார். நீங்கள் அதை மறுபடி பூட்டச் சொல்கிறீர்கள்.

பிள்ளைகளுக்கான மேடைகள் அப்புறம் வந்தவை. சான் ஃபிரான்சிஸ்கோவில் யூத் ஸ்பீக்ஸ் என்ற அமைப்பு 1996ல் தொடங்கியது. எங்கள் ஊரில் லவுடர் தேன் எ பாம் என்ற போட்டி 2001ல். இளைஞர்கள் தெருவில் கூடி நிற்பதையே குற்றமாகப் பார்த்த நகரச் சட்டம், அதற்கு மேல் செப்டம்பர் தாக்குதல் என்று இருந்த நேரம். பிள்ளைகள் கூடுவதற்கு ஒரு இடம் வேண்டும் என்றுதான் அதை ஆரம்பித்தார்கள். பிறகு நூறு அணிகளுக்கு மேல் வந்தன. சிகாகோவில் வெள்ளையர் பகுதி, கறுப்பினத்தவர் பகுதி, மெக்சிகோக்காரர்கள் பகுதி என்று கோடு கிழித்தாற்போல் இருக்கும். ஒரு பக்கத்துப் பிள்ளை மறுபக்கம் போகவே போகாது. நான் 15 வயதில் முதன்முதலாகத் தெற்குப் பக்கத்துப் பிள்ளைகளோடு ஒரே அறையில் உட்கார்ந்தது இந்தப் போட்டியால்தான். "கவிதை கேட்க வாருங்கள்" என்றிருந்தால் எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரும் கிளம்பியிருக்க மாட்டோம். போட்டி என்றதால் பஸ் நிரம்பியது.

மார்க்கை யாரும் வேதமாக எடுத்துக்கொள்வதில்லை. "மார்க்குக்குக் கைதட்டாதீர்கள், கவிஞருக்குத் தட்டுங்கள்" என்று நடத்துகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் சொல்வார். குறைத்துப் போட்ட நடுவரைப் பார்த்துக் கூட்டமே ஓவென்று கத்தும்.

கடைசி வரிசை

ஒரு சின்ன விஷயம். மார்க் கவிதையை மட்டும் அளப்பதில்லை, வரிசையையும் அளக்கிறது. இரவு ஏற ஏற நடுவர்கள் கை தாராளமாகிவிடும். முதலில் வருகிறவருக்கு 7, கடைசியில் வருகிறவருக்கு 9. இது எல்லோருக்கும் தெரிந்ததால்தான் போட்டியில் இல்லாத ஒருவரை முதலில் ஏற்றி, நடுவர்கள் கைபழக விடுகிறார்கள். அப்படியும் ஏறத்தான் செய்கிறது. ஃப்ரீமாண்ட் அண்ணா, மகள் எத்தனையாவதாகப் போனாள்?

ஃப்ரீமாண்ட் அப்பா

இரண்டாவது. இது எனக்குத் தெரியாது. அவளிடம் சொல்கிறேன், நன்றி.

மைக் முன்னால், நீங்கள் சொன்ன அந்த பஸ் எனக்குப் புரிகிறது. மகளும் ஓக்லாண்ட், ரிச்மண்ட் ஊர்ப் பிள்ளைகளோடு அங்கேதான் பழகினாள். ஆனால் "யாரும் வேதமாக எடுத்துக்கொள்வதில்லை" என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள். 22.9 என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

பயிலரங்க அக்கா

நான் ஓக்லாண்டில் ஒரு பள்ளியில் மதியத்துக்கு மேல் கவிதைப் பயிலரங்கு நடத்துகிறேன், 9 வருடமாக. இரண்டு பக்கமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் எழுதுவதை நாங்கள் வெறும் கவிதையாக மட்டும் படிக்க முடியாது. கலிஃபோர்னியாவில் பிள்ளைகளோடு வேலை செய்கிற எங்களுக்குச் சட்டப்படி ஒரு கடமை உண்டு. ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் உடனே போனில் தெரிவிக்க வேண்டும், 36 மணி நேரத்துக்குள் எழுத்திலும் கொடுக்க வேண்டும். கவிதையில் வந்தாலும் சந்தேகம் சந்தேகம்தான். அதனால் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன்: "இங்கே எதையும் எழுதலாம். ஆனால் சில விஷயங்களை எழுதினால் நான் இன்னொருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தே எழுது." சொன்ன பிறகும் எழுதியவர்கள் உண்டு. நான் போன் செய்ய வேண்டும் என்பதற்காகவே எழுதிய பெண்ணும் உண்டு. அந்தக் கவிதை மேடைக்குப் போகவே இல்லை, போக வேண்டியதும் இல்லை. அதன் வேலை முடிந்துவிட்டது.

மேடைக்குப் போகிற கவிதைக்கு எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. நம்புகிற ஒரே ஒருவரிடம் அதை மூன்று வெவ்வேறு நாளில் சொல்ல வேண்டும். மூன்றாவது நாளும் அதே வரியில் குரல் உடைந்தால், "இது இன்னும் உனக்கே வேண்டியிருக்கிறது, கொஞ்ச நாள் நோட்டில் இருக்கட்டும்" என்பேன். சில பிள்ளைகளுக்குக் கோபம் வரும். ஏனென்றால் அப்படி உடைகிற வரிக்குத்தான் மேடையில் மார்க் விழும் என்று அவர்களுக்கும் தெரியும்.

அடுத்தது வீடியோ. நாங்கள் ஆரம்பித்த காலத்திலேயே ஸ்லாம் காணொளிகள் யூடியூபில் பரவிவிட்டன. நல்லதும் நடந்தது. ஊரில் மேடையே இல்லாத பிள்ளை அதைப் பார்த்து எழுத ஆரம்பித்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே குரல் வந்துவிட்டது. மெல்ல ஆரம்பித்து, மூச்சு வாங்காமல் ஏறி, கடைசி வரிக்கு முன் ஒரு நிறுத்தம். அமைதியான பிள்ளை எழுதிய அமைதியான கவிதையையும் அந்தச் சட்டைக்குள் திணிக்கிறார்கள். 15 வயதில் அம்மாவைத் திட்டிச் சொன்ன கவிதை, 25 வயதில் அம்மாவோடு சமாதானமான பிறகும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளை கேட்டால் எடுத்துவிட வேண்டும் என்று நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ரீமாண்ட் அண்ணா, இதை மட்டும் மறக்காதீர்கள்.

யாப்பு நேசன்

அக்கா சொல்வதுதான் என் கட்சியும். மேடை இருக்கட்டும், அட்டை வேண்டாம்.

மைக் முன்னால்

அக்கா, மதிப்போடு சொல்கிறேன், ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

அந்தப் பையன் அப்பா சிறையில் இருப்பதைச் சொன்னதை "வலியை விற்பது" என்று யாரும் இன்னும் எழுதவில்லை. ஆனால் பேச்சு அந்தப் பக்கம்தான் போகிறது. அது அவனுக்கு விசேஷச் சோகம் இல்லை, தினசரி வாழ்க்கை. சனிக்கிழமை என்றால் சிறையில் அப்பாவைப் பார்க்கப் போகிற வரிசை. அதை எழுதாமல் அவன் எதை எழுதுவான்? "வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது" என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த மேடை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். 16 வயதில் பள்ளியில் என் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்ட பெயரை நான் முதன்முதலாக உரக்கச் சொன்னது அங்கேதான். அம்மா கடைசி வரிசையில் இருந்தார். அதுவரை அவருக்குத் தெரியாது.

ஆனால் ஃப்ரீமாண்ட் அண்ணாவுக்கு நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அடுத்த வருடம் ஒரு கவிதையில் என் மாமா இறந்துவிட்டதாக எழுதினேன். அவர் இறக்கவில்லை. எங்களை விட்டு வேறு ஊருக்குப் போயிருந்தார், அவ்வளவுதான். போனார் என்று எழுதினால் 24 வரும், செத்தார் என்று எழுதினால் 28 வரும் என்று அப்போதே எனக்குக் கணக்குத் தெரியும். வந்தது. கொஞ்ச நாள் கழித்து மாமா வீட்டுக்கு வந்தார். நீ கவிதை சொன்ன வீடியோ இருக்கிறதாமே, காட்டு என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். இன்னும் காட்டவில்லை.

அதனால் மார்க் ஒன்றும் செய்யாது என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். செய்யும். இருந்தாலும் அந்த பஸ்ஸை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசி வரிசை

இதை எழுதியதற்கு நன்றி, மைக் முன்னால்.

மார்க் இல்லாமலும் கூட்டம் வரும் என்பதற்கு உங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. சிகாகோ மைய நூலகத்தில் 2009ல் பதின்வயதினருக்காகத் திறந்த யூமீடியா என்ற இடம். இன்றைக்குப் பெயர்பெற்ற ராப் பாடகர்கள் சான்ஸ் தி ராப்பர், நோநேம் எல்லோரும் பதின்வயதில் அங்கே, யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற திறந்த மைக்கில் நின்றவர்கள். அங்கே அட்டை கிடையாது.

மைக் முன்னால்

தெரியும், அங்கேயும் போயிருக்கிறேன். அங்கே வந்தவர்கள் ஏற்கெனவே மைக்கைத் தேடி வந்தவர்கள். நான் சொல்வது தேடத் தெரியாத பிள்ளைகளைப் பற்றி.

யாப்பு நேசன்

சரி, நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். மாமா பற்றி எழுதியது என்னை யோசிக்க வைத்தது. இவ்வளவு நேர்மையாகப் பேசுகிற ஒருவரை அந்த மேடை வளர்த்திருக்கிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸில் கெட் லிட் என்ற அமைப்பு நடத்தும் போட்டியைப் பற்றிப் படித்திருக்கிறேன். அங்கே பிள்ளை முதலில் வேறொரு கவிஞரின் கவிதை ஒன்றை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அப்புறம் அதற்குப் பதிலாகத் தானே எழுதியதைச் சொல்ல வேண்டும். அங்கேயும் மார்க் உண்டு. ஆனால் பிள்ளை எழுத உட்காரும்போது "எனக்கு என்ன கெட்டது நடந்தது" என்று தேட வேண்டியதில்லை. கையில் ஏற்கெனவே ஒரு கவிதை இருக்கிறது, அதோடு பேசினால் போதும். உங்கள் மகளின் கேள்விக்கு இது ஒரு பதிலாக இருக்கும் என்று தோன்றுகிறது, நண்பரே.

இன்னொன்று. 2021ல் அதிபர் பதவியேற்பில் 22 வயதில் கவிதை வாசித்த அமண்டா கோர்மன் தேசிய இளையோர் கவிஞராக 2017ல் தேர்வானவர். அது ஒரு இரவின் அட்டையை வைத்துக் கொடுக்கும் பட்டம் இல்லை. எழுதியதையும் ஊருக்குச் செய்ததையும் சேர்த்துப் பார்த்துக் கொடுப்பது. சிறுவயதில் ர ஒலி சரியாக வராமல் கஷ்டப்பட்ட பெண் அவர். அந்த வயதில் யாராவது உச்சரிப்புக்கு 6.8 தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஃப்ரீமாண்ட் அப்பா

மகளிடம் இந்த இழையைக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதியதற்கு முதலில் கோபம், கேட்காமல் எழுதியது என் தப்புதான். அப்புறம் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். மாமா விஷயத்தை இரண்டு தடவை படித்தாள்.

அடுத்த மாதம் போகிறாள். பாட்டி கவிதையேதான். 14 விநாடி வெட்டிவிட்டாள், எந்த வரி என்று எனக்குச் சொல்லமாட்டாளாம். வீடியோ பற்றி நடத்துகிறவர்களுக்கு அவளே மெயில் எழுதினாள். நோட்டில் 22.9 அப்படியேதான் இருக்கிறது.

அதற்கு முன் சனிக்கிழமை காலை பாட்டிக்குப் போனில் சொல்லப் போகிறாளாம். கவிதை ஆங்கிலத்தில் இருப்பதால் இரண்டு பேரும் தமிழில் எழுத உட்கார்ந்தோம். ஒரு சொல்லில் நின்றுவிட்டோம். போனைக் கட் பண்ணாமல் வைத்துவிட்ட பிறகு, வீட்டில் ஆள் நடமாடுவது லேசாகக் கேட்குமே, அதற்குச் சத்தம் என்று போட்டால் பெரிதாக இருக்கிறது, ஓசை என்றால் பாட்டுப் போல இருக்கிறது என்கிறாள். உங்கள் ஊர்ப் பக்கம் வேறு ஏதாவது சொல் உண்டா?

யாப்பு நேசன்

அரவம். "உள்ளே ஆள் அரவம் கேட்குது" என்று என் அம்மா சொல்வார்.