மோட்டார் பம்புக்குக் குக்கர் விமர்சனம்: பணம் திரும்ப வாங்க வழி உண்டா?

வணக்கமுங்க. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். ஆன்லைனில் 5,850 ரூபாய்க்கு ஒரு 1 எச்பி சிங்கிள் பேஸ் மோனோபிளாக் மோட்டார் வாங்கினேன். 4.4 ஸ்டார், இரண்டாயிரத்துக்கும் மேல் விமர்சனம். அதை நம்பித்தான் வாங்கினேன்.

ஜூன் 15 வந்தது. ஒன்பதாம் நாளிலிருந்து பத்து நிமிடம் ஓடினால் கொதித்து நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடும். தொட்டியிலிருந்து மாடி டேங்குக்கு ஏற்றத்தான், பெரிய வேலை இல்லை.

வோல்டேஜ் 225 இருக்கிறது. ஃபுட்வால்வு, கெபாசிட்டர் இரண்டும் புதிதாகப் போட்டாயிற்று. காயில் கட்டுகிறவர் திறந்து பார்த்து, "கம்பி ரொம்ப மெலிசுங்க" என்றார்.

அப்புறம்தான் விமர்சனங்களைக் கீழே வரை போய்ப் படித்தேன். "விசில் நல்லா வருது", "பருப்பு சீக்கிரம் வேகுது", கூடவே அடுப்பில் குக்கர் இருக்கும் படம்! பழைய பக்கத்தில் பொருளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மோட்டாரைப் பற்றியது என்று பார்த்தால் பதினொன்று, எல்லாம் இரண்டே நாளில் போட்டது, எல்லாம் ஐந்து ஸ்டார். முதலிலேயே படித்திருக்க வேண்டும், சரி.

திருப்பி அனுப்பக் கேட்டால் 7 நாள் முடிந்தது என்கிறார்கள். நான் எழுதிய ஒரு ஸ்டார் விமர்சனத்தை ஏற்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து மூன்று வாரம் ஆகிறது. ஸ்கிரீன்ஷாட், பில் எல்லாம் கையில் இருக்கிறது. ஆன்லைன் விமர்சனங்களுக்கென்று ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலை இருக்கிறது, ஆனால் அது கட்டாயமில்லையாம்.

இப்படி வேறு பொருளின் விமர்சனத்தைக் காட்டி விற்றதை ஆதாரமாக வைத்து, நாள் கடந்த பிறகும் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எங்கே, எப்படிப் புகார் கொடுத்தீர்கள்?