ஒஹியவில் ஏன் ஆள் இல்லை? (எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை)

தம்பி (கொழும்பு): சனிக்கிழமை கூட்டாளிமாரோடு மலையகத்து ஒஹிய போகிறேன், ஹோர்ட்டன் சமவெளி ஓரத்தில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளம் பார்க்க. மேப்பில் ஸ்டேஷனைச் சுற்றி ஒன்றுமே இல்லையே. ஊர் என்று ஏதாவது இருக்கிறதா பெரியப்பா?

பெரியப்பா (அப்புத்தளை): ஏன் இல்லாமல்? உன் அப்பா பிறந்ததே அங்கே பணிய லயத்தில்தான், கீழ்ப்பக்கத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில். ஸ்டேஷன், ஒன்றிரண்டு கடை, அப்புறம் மலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக லயம். அவ்வளவுதான் ஊர்.

பதுளை மாமா: ரயில்வேயில் இருந்தவன் சொல்கிறேன், கேள். ஒஹியவுக்கு முந்திய ஸ்டேஷன் பட்டிப்பொல, 1,891 மீட்டர். நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன். அதைத் தாண்டினால் 6,226 அடி என்று பலகை வரும், பாதையின் உச்சி அது. உடனே சுரங்கம். அந்த முகட்டுக்கு அந்தப் பக்கம் மத்திய மாகாணம், இந்தப் பக்கம் ஊவா.

அக்கா: ஒரு ஜூலை மாதம் வந்தபோது பட்டிப்பொலையில் அடைமழை. ஜன்னலோரத்தில் இருந்த ஐயா நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். சுரங்கம் தாண்டினால் சுள்ளென்று வெயில். மனுஷன் துண்டை அப்படியே ஜன்னலில் காயப்போட்டுவிட்டார்.

பதுளை மாமா: கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக் காற்று, மழையை எல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வறண்டுபோய் இந்தப் பக்கம் இறங்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா தேயிலைக்கு வாசம் ஏறுவதே அந்தக் காற்றில்தான்.

தம்பி: அது சரி மாமா, ஆள் ஏன் இல்லை?

பதுளை மாமா: இடம் அப்படி. மேலே ஹோர்ட்டன் சமவெளி, கீழே பாதாளம். நடுவில் தண்டவாளம் போட இடம் கிடைத்ததே பெரிது. 1893இல் அப்புத்தளைக்கு வந்த பாதை, பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது.

பெரியப்பா: மலை மட்டும் காரணம் இல்லை மச்சான். கோப்பிக்காக வெள்ளைக்காரன் காட்டை மொட்டையடித்துக்கொண்டே வந்தான். 1869இல் இலைத் துரு நோய் வந்து அந்தக் கோப்பியும் அழிந்துபோயிற்று. 1873இல் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் சொல்லித்தான் 5,000 அடிக்கு மேலே இருந்த காட்டில் கைவைக்காமல் விட்டார்கள். சமவெளி 1969இல் சரணாலயம், 1988இல் தேசியப் பூங்கா. இடையில் 1960களில் அங்கே விதை உருளைக்கிழங்குகூடப் போட்டார்கள். யாருடைய மூளையோ!

தம்பி: யானை நிற்குமா?

பதுளை மாமா: யானையா? அந்தக் காலத்தில் பதுளைப் பக்கம் மேஜர் ரோஜர்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1,400க்கு மேல் சுட்டார் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். இப்போது மரை என்கிற பெரிய மான்தான் நிற்கும். பக்கத்தில் வந்தால் பிஸ்கட் நீட்டாதே.

அக்கா: ரோஜர்ஸுக்கு நன்றாக வேண்டும்.

கோத்தகிரி அத்தை: எல்லோரும் மலையையும் யானையையும் பேசுகிறீர்கள். ஆள் இருந்தார்கள் தம்பி. எங்கள் லயத்தில் ஒரு காம்பரா அறைக்குள் இரண்டு குடும்பம் இருந்தது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மைப் பங்கு பிரிக்கக் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்ற இந்திய வம்சாவளியினர் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தியோடு பேசி, தேங்காயை உடைக்கிற மாதிரி ஆளுக்குப் பாதி.

பெரியப்பா: நம் குடியுரிமை 1948லேயே போய்விட்டது தங்கச்சி. 1947 தேர்தலில் ஓட்டுப் போட்ட அப்பா அடுத்த தேர்தலுக்கு நாடற்றவர்.

தம்பி: நம் வீட்டில் யார் போவது, யார் இருப்பது என்று எப்படி முடிவானது?

பெரியப்பா: நான் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டேன், அப்பா இந்தியாவுக்கு. அப்போது கலியாணமாகாத பிள்ளைகள் அப்பாவோடு. உன் அப்பா மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

கோத்தகிரி அத்தை: ஒஹிய பிளாட்பாரத்தில் அம்மா அம்மிக்கல்லையும் கோச்சியில் ஏற்றச் சொல்லி ஒரே சண்டை. தகரப் பெட்டியும் மூட்டையும்தான் ஏறின. தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து ராமானுஜம் கப்பல். தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோய்விட்டதால் ராமேஸ்வரத்தில் இறக்கினார்கள். அப்புறம் மண்டபம் முகாம். கடைசியில் இங்கே நீலகிரிக்கு வந்தும் கொழுந்துதான் பறித்தோம், அதே குளிரில்.

அக்கா: அம்மி என்ன ஆயிற்று அத்தை?

பெரியப்பா: எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பெரியம்மா இன்றைக்கும் அதில்தான் சம்பல் அரைக்கிறாள்.

கோத்தகிரி அத்தை: அது அம்மா எனக்குத் தருகிறேன் என்று சொன்ன அம்மி!

பெரியப்பா: வந்து தூக்கிக்கொண்டு போ.

பதுளை மாமா: பங்குச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, ஒஹிய ஸ்டேஷனிலிருந்து பூங்காவுக்குள் பார்வையாளர் நிலையமான பார் இன் (Farr Inn) வரை 11 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். சனிக்கிழமைக் காலைக் கோச்சியில் கொழும்பிலிருந்து வந்தால் பிரயோசனமில்லை. 10 மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறிவிடும். உலக முடிவில் நின்று வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

தம்பி: அப்போ வெள்ளிக்கிழமையே வந்து பெரியப்பா வீட்டில் தங்கட்டுமா?

பெரியப்பா: வா. விடிய 4 மணிக்கு வேன் பிடித்தால் பொரலந்தை வழியாகப் போய்விடலாம். போகிற வழியில் லயத்தையும் காட்டுகிறேன். எத்தனை பேர் என்று சொல், பெரியம்மா ரொட்டிக்கு மாவு வாங்க வேண்டுமாம்.