புதுப்பிப்பு: பிரிட்டன் தொண்டுக் காப்பகப் பயிற்சி – விசா கிடைத்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. கோபியிலிருந்து பிரிட்டன் போய், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான தொண்டு நிறுவனக் காப்பகத்தில் பயிற்சி பெற எந்த விசா என்பதுதான் நான் இங்கே கேட்டிருந்த கேள்வி.

ஈரோட்டு அண்ணா சொன்ன 'சாரிட்டி வொர்க்கர்' விசாதான் சரி. அதிகபட்சம் 12 மாதம். சம்பளம் வாங்கக் கூடாது. பஸ் காசு, சாப்பாட்டுச் செலவை நிறுவனம் தரலாம்.

சிக்கல் பணத்தில். கணக்கில் 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருக்கணும். நடுவில் ஒருநாள் குறைந்தாலும் செல்லாது. மஞ்சள் விற்ற காசு வருவதும் போவதுமாக இருக்கிற வீட்டுக்கு இது ஒத்துவராது. நம்மை அழைக்கும் நிறுவனம் தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழிலேயே முதல் மாதச் செலவை நிறுவனம் ஏற்பதாகக் குறிக்கச் சொல்லுங்கள் என்ற பல்லடத்து அக்காவின் வழிதான் பலித்தது. அப்படிக் குறிக்கும் நிறுவனம் ஏ தர ஸ்பான்சராக (பிரிட்டன் அரசு 'ஏ' தரம் கொடுத்த நிறுவனமாக) இருந்தால் போதும், பேங்க் ஸ்டேட்மென்ட் தேவைப்படாது.

எதிர்பாராதது காசநோய்ச் சான்று. 6 மாதத்துக்கு மேல் தங்கினால் கட்டாயம். பிரிட்டன் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி எவ்வளவு பெரியதானாலும் அதன் எக்ஸ்ரே செல்லாது. சான்று 6 மாதமே செல்லும் என்பதால் ரொம்ப முன்னாடியே எடுக்க வேண்டாம்.

குழந்தைகளோடு வேலை என்பதால் காப்பகம் போலீஸ் சான்றும் கேட்டது. அங்கே எடுக்கும் டிபிஎஸ் என்ற குற்றப் பதிவுச் சோதனையில் நம்மூர்ப் பதிவு வராது. போலீஸ் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய். தற்போதைய முகவரி எந்த ஸ்டேஷன் எல்லையோ, விசாரணை அங்கேதான் போகும். கோவை ஹாஸ்டலில் இருப்பவர்கள் வார்டனிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.