மீதிச் சிறுத்தை எங்கே? விலங்கு ஸ்கார்ஃப் கட்டியபோது நடந்ததைச் சொல்லுங்கள்

மூலைமுடிச்சு

பிரெஞ்சு நிறுவனமான ஹெர்மெஸின் ஜங்கிள் லவ் பட்டு ஸ்கார்ஃப் வைத்திருப்பவர்களுக்கு உடனே புரியும். ராபர்ட் டாலே வரைந்தது, இலைகளுக்கு நடுவே இரண்டு சிறுத்தைகள். அதை எப்போதும் பட்டையாக மடித்து, கழுத்தில் ஒரு சுற்று சுற்றி, பக்கவாட்டில் முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவேன். ஆறு வருஷமாக அப்படித்தான்.

போன வாரம் லிஃப்டில் ஒரு சின்னப் பெண், அவள் அப்பா, நான். ஐந்து வயசு இருக்கலாம். என் கழுத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "ஆன்ட்டி, கண்ணு தெரியுது. மீதி எங்க?"

குனிந்து பார்த்தேன். முடிச்சுக்குச் சற்றுக் கீழே, மடிப்பின் விளிம்பில் ஒரு கண், அதைச் சுற்றிக் கொஞ்சம் புள்ளிகள். அவ்வளவுதான் வெளியே இருந்தது. அவிழ்த்துக் காட்டப் பத்து விநாடி போதும். ஆனால் கதவு திறந்துவிட்டது. "உள்ளே இருக்குடா கண்ணு" என்றேன். அப்பா கையைப் பிடித்து இழுக்க இழுக்க, அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஏன் கதவைப் பிடித்து நிறுத்தவில்லை என்று இன்னும் உறுத்துகிறது. 90 செ.மீ. சதுரம் முழுக்கச் சிறுத்தைகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கரும்புள்ளி

சிறுத்தை என்று சரியாக எழுதியதற்கு முதலில் நன்றி. புள்ளி போட்ட எதைப் பார்த்தாலும் புலி என்பவர்கள்தான் அதிகம்.

எனக்கு நடந்தது ஒரு விலங்குக் காட்சிச்சாலையில். நான் போட்டிருந்த ஸ்கார்ஃபை நாலு வருஷமாகச் சிறுத்தை என்றே சொல்லி வந்தேன், வாங்கியபோது விற்றவரும் அப்படித்தான் சொன்னார். அங்கே விலங்குகளைப் பராமரிக்கும் பெண் ஒருவர் வாளியோடு எதிரே வந்தார். கை ஈரம் என்பதால் தொடவில்லை, தாடையால் சுட்டிக் காட்டினார். "சார், அந்த வளையத்துக்குள்ள புள்ளி இருக்கு பாருங்க. இது ஜாகுவார். சிறுத்தைக்கு வளையத்துக்குள்ள புள்ளி வராது." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

கழற்றி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒன்றோ இரண்டோ சின்னப் புள்ளிகள். வரைந்தவருக்குத் தெரிந்திருக்கிறது, அவர் மாற்றிப் போடவில்லை. நாலு வருஷம் கழுத்தில் கட்டிய எனக்குத்தான் தெரியவில்லை. அன்றிலிருந்து எதை வாங்கினாலும் முதலில் விலங்கைத்தான் பார்க்கிறேன். கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு இறங்கினால் சிவிங்கிப்புலி. கருஞ்சிறுத்தை தனி இனமே இல்லை. சிறுத்தையிலோ ஜாகுவாரிலோ கருமை கூடிப் பிறப்பது, நல்ல வெளிச்சத்தில் அதன் உடம்பிலும் வளையங்கள் தெரியும்.

மூலைமுடிச்சு, உங்களோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. விலங்கு முழுசாகத் தெரிய வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஹெர்மெஸின் பிரிட் த காலாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊகோ கிரிகார் 1957-ல் வரைந்தது. எதிரெதிரே இரண்டு கடிவாளங்கள், குதிரையே கிடையாது. ஆனாலும் பார்க்கிறவர் மனசில் குதிரை வந்துவிடுகிறது. 1837-ல் குதிரைச் சேணம் தைக்கும் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது, குதிரையை வரையாமலே குதிரையைக் காட்டத் தெரியும். ஒரு கண் தெரிந்ததால்தான் அந்தக் குழந்தை கேட்டது. முழுசாகத் தெரிந்திருந்தால் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கும்.

வான்கோழி

கெர்மிட் ஆலிவரின் டெக்சாஸ் ஸ்கார்ஃப் என்னிடம் இருக்கிறது. நடுவில் பெரிய வான்கோழி, சுற்றிலும் டெக்சாஸின் விலங்குகளும் செடிகளும். ஆலிவர் பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ஹெர்மெஸுக்கு வரைந்துகொண்டிருந்த காலத்திலும் வேக்கோ நகரத் தபால் நிலையத்தில் இரவு ஷிஃப்டில் கடிதங்களை விலாசவாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்தவர்.

ஒரு மருத்துவமனையில் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஸ்கார்ஃபைத் தோளில் விரித்துப் போட்டிருந்தேன், வான்கோழி அவர் பக்கம் இருந்தது. "இது யாரும்மா வரைஞ்சது? இறகு இறகாப் போட்டிருக்காங்களே" என்றார். சொன்னேன். தபால் நிலையம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரும் முப்பது வருஷம் கடிதம் பிரித்தவராம், அதிலும் பாதி இரவு வேலை.

ஒரு விரல் நுனியால் ஓரத்தை மட்டும் தொட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ராத்திரி பூரா விலாசம் படிச்சிட்டு வந்தா காலையில கண்ணு எரியும்மா. இந்த மனுஷன் எப்ப உக்காந்து வரைஞ்சாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்த ஸ்கார்ஃபை வாங்குவதற்கு முன் ஆலிவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது மடித்து வைக்கும்போதெல்லாம் இறகுகளைப் பார்க்கிறேன். ஒவ்வொரு இறகிலும் நாலைந்து பழுப்புகள், ஒன்றுக்குள் ஒன்று. எரிகிற கண்ணோடுதான் போட்டாரா?

செம்பருந்து

என்னுடையது சின்ன விஷயம். பாம்பு வடிவம் போட்ட ஸ்கார்ஃபோடு ஒரு கூட்டத்துக்குப் போனேன். எதிரே இருந்த பெண் கோப்பையை வாய் வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். என் கழுத்தில் செதில்களைப் பார்த்திருக்கிறார். கை நடுங்கியது. உடனே கழற்றிப் பைக்குள் வைத்தேன். அவர் கூட்டம் முடிகிற வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அதை வெளியே கட்டவில்லை. அது என்னிடம் உள்ளதிலேயே அழகான ஸ்கார்ஃப்.

ஆந்தைக்கண்

யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

என் அம்மா எனக்கு ஒரு ஆந்தை ஸ்கார்ஃப் வாங்கிக் கொடுத்தாள். நான் இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கவனித்து, பணம் சேர்த்து, இணையத்தில் யாரிடமோ பழையது என்று வாங்கியிருக்கிறாள். பெட்டி, ரிப்பன் எல்லாம் இருந்தது. நான் அழுதேவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தோழி ஒருத்தி வந்தாள், என்னைவிடப் பெரிய சேகரிப்பு வைத்திருப்பவள். ஆசையாக எடுத்துக் கொடுத்தேன். மடியில் விரித்தாள். ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிக்கொண்டே நாலு பக்கமும் போனாள். அப்புறம் ஆந்தையின் முகத்துக்கு மேலே குனிந்தாள். அலகைச் சுற்றி மயிர்மயிராக இருக்க வேண்டிய கோடுகள் எல்லாம் ஒன்றாக இழுகிப்போயிருந்தன. அதை நானும் பார்த்திருந்தேன், பழசு என்பதால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அழகாக மடித்து, பெட்டியில் வைத்து, மூடியைச் சரியாகப் பொருத்தி என் கையில் கொடுத்தாள். "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அவள் மூடியைப் பொருத்திய விதம் அப்படியே கண்ணில் நிற்கிறது. அம்மாவுக்குத் தெரியாது.

ஓரத்தையல்

ஆந்தைக்கண், படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நானும் ஒன்றை இழந்திருக்கிறேன். கொக்கு வரைந்த ஸ்கார்ஃப். அவசரத்தில் இஸ்திரி போட்டு, குழாய் போல உருண்டிருந்த ஓரங்களையெல்லாம் தட்டையாக்கிவிட்டேன். திரும்ப எழும்பவே இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எல்லாருக்கும் உதவும்.

உங்கள் தோழி ஓரத்தை உருட்டிப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. ஹெர்மெஸில் ஓரத்தை வடிவம் இருக்கும் முன்பக்கமாகச் சுருட்டிக் கையால் தைப்பார்கள். சுருள் புஷ்டியாக இருக்கும், தையல் அங்கங்கே இலேசாக ஏறி இறங்கும். மெஷின் தையல் ஒரே சீராக, தட்டையாக ஓடும். ஆனால் ஓரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பின்பக்கமாகச் சுருட்டித் தைக்கும் நல்ல நிறுவனங்களும் இருக்கின்றன. பழைய ஸ்கார்ஃபாக இருந்தால் யாராவது ஓரத்தைப் பிரித்துத் திரும்பத் தைத்திருக்கவும் கூடும்.

அதைவிட நம்பகமானது அச்சுதான். பிரான்ஸில் லியோன் பக்கத்துப் பட்டறைகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுச் சட்டம் செய்து, ஒன்றன் பின் ஒன்றாக அச்சிடுகிறார்கள். ஒரே ஸ்கார்ஃபுக்கு முப்பது சட்டத்துக்கு மேல்கூடப் போகும். விலங்கு வடிவங்களில் அந்த உழைப்பு மயிரிலும் இறகிலும்தான் போகிறது, போலி மாட்டிக்கொள்வதும் அங்கேதான். மீசை ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறதா, கண்ணுக்குள் வெள்ளைப் பொட்டு சுத்தமாக விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். துணியைச் சாய்த்தால் ட்வில் நெசவின் சாய்வுக் கோடுகள் தெரிய வேண்டும். எழுத்தையும் பாருங்கள், ஹெர்மெஸ் என்பதில் இரண்டாவது ஈ-யின் தலையில் சாய்வுக் குறி இருக்கும்.

அப்புறம் பராமரிப்பு. சென்ட் அடித்து, அது காய்ந்த பிறகுதான் ஸ்கார்ஃப் கட்ட வேண்டும், அதிலுள்ள ஆல்கஹால் கறை விடும். சிவப்பும் கருநீலமும் தண்ணீரில் ஓடும், வீட்டில் துவைக்காதீர்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்தால் மடிப்புக் கோட்டில் இழை நைந்துவிடும், சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து வேறு மாதிரி மடியுங்கள். பட்டு புரதம், அதனால் பூச்சி தேடி வரும். வியர்வை பட்டதைக் காற்றாட விடாமல் உள்ளே வைத்தால் இன்னும் சீக்கிரம் வரும். இஸ்திரி உள்பக்கத்தில், மிதமான சூட்டில், ஓரத்துக்கு ஓர் அங்குலம் முன்பே நின்றுவிட வேண்டும்.

ஆந்தைக்கண், பணம் கொடுத்த ரசீது இருந்தால் விற்றவரிடம் கேளுங்கள். விடாதீர்கள்.

கரும்புள்ளி

ஓரத்தையல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நல்ல வடிவங்களைக் கட்டவே கூடாது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். வான்கோழி, உங்கள் ஆலிவரை மருத்துவமனைக்குப் போட்டுக்கொண்டு போனது எனக்கு ஏற்பில்லை. அது ஓவியம்.

வான்கோழி

சுவரில் மாட்டினால் வெளிச்சம் பட்டு நிறம் போகும், அதையும் யோசியுங்கள். ஓவியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கழுத்தில் கட்டுவதற்கென்று வரைந்த ஓவியம். இந்த நிறுவனத்தின் முதல் பட்டுச் சதுரம் 1937-ல் வந்தது, அன்றிலிருந்து மனிதர்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் வீட்டுச் சுவரில் இருந்திருந்தால் அந்தப் பெரியவர் அந்த இறகுகளைப் பார்த்திருக்கவே மாட்டார். வளையத்துக்குள் புள்ளி இருப்பதை உங்களுக்கு ஒருவர் காட்டினாரே, அதுவும் நீங்கள் கட்டிக்கொண்டு போனதால்தான்.

செம்பருந்து, உங்கள் பாம்பைத் தூக்கி ஒதுக்க வேண்டாம். நடுங்கிய ஒருவருக்காக நீங்கள் உடனே கழற்றியது நல்ல காரியம். அது அந்த அறைக்கு மட்டும் போதும்.

செம்பருந்து

நன்றி. நேற்று எடுத்து வெளியே வைத்தேன். இன்னும் கட்டவில்லை.

ஆந்தைக்கண்

எல்லாருக்கும் நன்றி. ஓரத்தையல், நீங்கள் சொன்னபடி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குள் வெள்ளைப் பொட்டே இல்லை, வெறும் மஞ்சள் இழுகல். சரி, முடிந்தது.

விற்றவரிடம் கேட்கப் போவதில்லை. கேட்டால் ரசீதுக்காக அம்மாவிடம் போக வேண்டும், அவளுக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறாள். "அந்த ஆந்தையை நீ கட்டி நான் பாக்கவே இல்லையேடி" என்று போனில் சொன்னாள். இரண்டு மாதம் ஆசையாகக் கட்டினேன், அவள் பார்த்ததில்லை. தோழி வந்து போன பிறகு தொடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டத்தான் போகிறேன்.

மூலைமுடிச்சு, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? ஆந்தை சரியாக நடுவில் இருக்கிறது. முக்கோணமாக மடித்தால் முகம் பாதியாகிவிடுகிறது. முழு முகமும் முன்னால் தெரிய வேண்டும், அம்மா பார்க்க வேண்டும். எப்படிக் கட்டுவது?

மூலைமுடிச்சு

லிஃப்ட் சம்பவத்துக்குப் பிறகு கண்ணாடி முன்னால் நின்று இதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். முக்கோணம் வேண்டாம், நடுவில் இருக்கும் முகத்தை அது எப்போதும் வெட்டும்.

மேஜையில் வடிவம் கீழே பார்க்கும்படி விரியுங்கள், ஆந்தையின் தலை உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். மேலிருந்து 30 செ.மீ., கீழிருந்து 30 செ.மீ. உள்பக்கமாக மடியுங்கள். 30 செ.மீ. அகலப் பட்டை கிடைக்கும். திருப்பினால் முகம் நேராக நடுவில் இருக்கும். விரலால் மட்டும் தடவுங்கள், மடிப்பை அழுத்த வேண்டாம்.

பட்டையின் நடுவைத் தொண்டைக்கு முன்னால் வைத்து, இரண்டு முனைகளையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய் ஒரே ஒரு முடிச்சு. இறுக்கினால் முகம் சுருங்கும், அதனால் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு விடுங்கள். அப்புறம் கீழ் விளிம்பை மெல்ல இழுத்துவிட்டால் ஆந்தை கழுத்தெலும்புக்குக் கீழே இறங்கி உட்காரும். சட்டைக் காலர் இருந்தால் மேல் விளிம்பை அதற்குள் செருகிவிடுங்கள், வழுக்காது.

முதல் தடவை கோணலாகத்தான் வரும். சனிக்கிழமையே ஒருமுறை கட்டிப் பாருங்கள்.