சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர் பாதசாரியா?

கேள்வி (நோயாளர் பதிவறை, யாழ்ப்பாணம்):
வெங்காய மூட்டையைக் காரியரில் கட்டி, சைக்கிளை உருட்டியபடி சுன்னாகம் சந்தைக்குப் போன ஐயா ஒருவரை ஆட்டோ மோதியிருக்கிறது. கணைக்கால் எலும்பு முறிவு. சீட்டில் "சைக்கிள் விபத்து" என்று மட்டும் இருக்கிறது. நோய், காயங்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10இல் வி12 (சைக்கிளோட்டி) போடுவதா, வி02 (பாதசாரி) போடுவதா?

மறுமொழி 1:
ஏறி ஓடாமல் உருட்டித்தான் போனார் என்றால் வி02.1, தங்கச்சி. வாகனத்தின் மீது இல்லாதவர் பாதசாரிதான். வீதியோரம் டயர் மாற்றிக்கொண்டிருப்பவரும் அப்படியே. ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் வி02க்குள் ஒன்றாக வரும். கடைசி 1 பொதுவீதியைக் குறிக்கும். வீட்டு வளவுக்குள் நடந்திருந்தால் 0.

மறுமொழி 2:
முதன்மைக் குறியீடு காயத்துக்குத்தான், கீழ்க்கால் எலும்பு முறிவுக்கான எஸ்82 தொகுதி. விபத்து எப்படி நடந்தது என்று சொல்லும் வி குறியீடு அதனுடன் சேரும். இறப்பு என்றால் அடிப்படைக் காரணமாக வி குறியீடே நிற்கும்.

கேட்டவர்:
சீட்டில் வாகனமே எழுதாதபோது வி09 (பாதசாரி, மோதிய வாகனம் குறிப்பிடப்படாதது) போடலாமா?

மறுமொழி 1:
விசாரித்தும் தெரியாவிட்டால் மட்டும். முதலில் வோர்ட்டுக்குப் போய், கட்டிலருகே இருப்பவர்களிடம் கேளுங்கள். கேட்காமல் வி09 போட்டால், எங்கள் வீதிகளில் நடப்பவர்களை எந்த வாகனம் வீழ்த்துகிறது என்பதே கணக்கில் வராது. எனக்கு அதுதான் பெரிய மனவருத்தம்.

கேட்டவர்:
நன்றி அக்கா. மகளிடம் கேட்டேன், உருட்டித்தான் வந்தாராம். வி02.1 பதிந்துவிட்டேன்.